தப்புக் கணக்குக்குத் தனிச் சம்பளம்

1999-இல் வாஷிங்டனைச் சேர்ந்த இரண்டு அறிஞர்கள் ஒரு புத்தகம் போட்டார்கள். பெயர் 'டவ் 36,000'. அந்த வருடம்தான் அமெரிக்கப் பங்குச் சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீடு முதன்முறையாக 10,000-ஐத் தாண்டியிருந்தது. தாண்டிய அன்று வால் ஸ்ட்ரீட் தரகர்கள் அந்த எண் அச்சடித்த தொப்பியை மாட்டிக்கொண்டு குதித்தார்கள். ஜேம்ஸ் கிளாஸ்மனும் கெவின் ஹாசெட்டும் 'இதெல்லாம் ஓர் உயரமா?' என்றார்கள். நியாயப்படி டவ் இன்றைக்கே 36,000-இல் இருக்க வேண்டும், எப்படியும் மூன்றிலிருந்து ஐந்து வருடத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும் என்று அடித்துச் சொன்னார்கள்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நீண்ட காலம் கையில் வைத்திருந்தால் கம்பெனிப் பங்குக்கும் அரசாங்கக் கடன் பத்திரத்துக்கும் ஆபத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. பங்கு வாங்குகிறவர்கள் போட்ட பணம் போய்விடுமோ என்று பயந்துதான் கூடுதல் லாபம் கேட்கிறார்கள். அந்தப் பயம் அறியாமை. அறியாமை நீங்கினால் பயம் போகும், பயம் போனால் விலை மூன்றரை மடங்காகும். முடிந்தது கணக்கு. சேமிப்பையெல்லாம் பங்கில் போட்டுவிட்டு ஓய்வு பெற்ற ஒருவருக்கு, சந்தை கவிழ்ந்த வருடத்திலேயே மனைவிக்கு ஆபரேஷன் வந்தால் அவர் எந்த 'நீண்ட கால'த்துக்குக் காத்திருப்பார் என்ற கேள்வி அங்கே எழவில்லை. எழுந்திருந்தால் புத்தகம் நாலு பக்கத்தில் முடிந்திருக்கும்.

அடுத்த வருடமே சரிவு தொடங்கியது. 2002 அக்டோபரில் டவ் 7,300-க்குக் கீழே. ஐந்து வருடக் கெடு முடிந்த 2004-இல் அது புறப்பட்ட இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. 2009 மார்ச்சில் 6,600-க்கும் கீழே போனது. 36,000-ஐத் தொட்டது 2021 நவம்பரில். புத்தகம் வந்தபோது பிறந்த குழந்தை அதற்குள் காலேஜை முடித்திருக்கும்.

சரி, கணக்குத் தப்பிய அறிஞர்களுக்கு என்ன ஆயிற்று? கிளாஸ்மன் 2008-இல் வெளியுறவுத் துறையில் துணைச் செயலர் பதவிக்குப் போனார். உலக மக்களிடம் அமெரிக்காவைப் பற்றி நல்லவிதமாக எடுத்துச் சொல்லும் உத்தியோகம் அது. ஹாசெட் அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெய்னுக்குப் பொருளாதார ஆலோசகர், அடுத்த வேட்பாளர் மிட் ராம்னிக்குப் பொருளாதார ஆலோசகர், 2017-இல் டிரம்ப்பின் பொருளாதார ஆலோசகர் குழுவுக்கே தலைவர். கம்பெனி வரியை வெட்டினால் குடும்பத்துக்குச் சராசரியாக வருடம் 4,000 டாலராவது வருமானம் கூடும் என்று அங்கே உட்கார்ந்து சொன்னார். வரியை 35 சதவீதத்திலிருந்து 21 ஆக வெட்டினார்கள். கம்பெனிகள் அந்தப் பணத்தில் சொந்தப் பங்குகளையே மலை மலையாக வாங்கிக் குவித்தன. 4,000 டாலருக்காகத் தபால்காரரை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள்.

2020 மே மாதம். கொரோனாவில் அமெரிக்கா ஏற்கெனவே எழுபதாயிரம் பேரைப் பறிகொடுத்திருந்தது. வெள்ளை மாளிகைக்குத் திரும்பியிருந்த ஹாசெட் தயாரித்த ஒரு வரைபடம் வெளிவந்தது. கம்ப்யூட்டரில் எந்தப் புள்ளிகளைக் கொடுத்தாலும் பட்டனைத் தட்டினால் வளைந்து ஓடும் ஒரு கோடு உண்டே, அது. அந்தக் கோடு மே மாத நடுவில் சாவைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இறக்கியது. ஊர் சிரித்ததும், இது கணிப்பல்ல, புள்ளிகளைச் சீராக்கிக் காட்டிய கோடு என்று விளக்கம் வந்தது. மே மாதம் முடிவதற்குள் சாவு ஒரு லட்சம். இரண்டு வருடத்தில் பத்து லட்சம். அதே மாதம் தொலைக்காட்சியில் வந்த ஹாசெட், நம்முடைய 'மனித மூலதனச் சரக்கு' வேலைக்குத் திரும்பத் தயாராக இருக்கிறது என்றார். இறைச்சி வெட்டும் ஆலையில் தோளோடு தோள் உரசி நின்றவனும், பேருந்து ஓட்டியவளும், ஆஸ்பத்திரித் தரையைத் துடைத்தவளும்தான் அந்தச் சரக்கு. கொஞ்சம் பழுதானால் கழித்துக்கட்டிவிட்டு அடுத்த மூட்டையைப் பிரிக்கலாம். 2025-இல் அவர் அதிபரின் தேசியப் பொருளாதாரக் கவுன்சிலுக்கு இயக்குநரானார்.

கோயில் வாசலில் கிளிக்கூண்டோடு உட்காரும் ஜோசியருக்கு இதைவிட அதிகப் பொறுப்பு உண்டு. சொன்னது பலிக்கவில்லை என்றால் அடுத்த வெள்ளிக்கிழமை அதே மரத்தடிக்குப் போய் ஐம்பது ரூபாயைத் திருப்பிக் கேட்கலாம். குறைந்தபட்சம் திட்டிவிட்டாவது வரலாம்.

இந்த இரண்டு அறிஞர்களும் அந்தப் புத்தகத்தை எழுதியபோது இருந்த இடத்துக்குப் பெயர் அமெரிக்கன் எண்டர்பிரைஸ் இன்ஸ்டிட்யூட். பொதுக் கொள்கை ஆய்வு நிறுவனம் என்று முழுப் பெயரிலேயே போட்டிருக்கிறது. பிறந்தது 1938-இல். பெற்றவர் லூயிஸ் பிரவுன், ஜான்ஸ்-மான்வில் கம்பெனியின் தலைவர். அது அஸ்பெஸ்டாஸ் கம்பெனி. அஸ்பெஸ்டாஸ் தூசியை மூச்சில் இழுத்த தொழிலாளிகளின் நுரையீரல் கல்லாகிக்கொண்டிருப்பதை எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தும், அவர்களிடம் மூச்சுவிடாமல் இருந்த கம்பெனி. 1940-களின் தொடக்கத்தில் அதன் மேலிடத்தோடு நடந்த ஒரு பேச்சைப் பற்றிப் பின்னாளில் ஒருவர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். ஆட்கள் செத்து விழுகிற வரை வேலை செய்ய விட்டுவிடுவீர்களா என்று கேட்டதற்கு, ஆமாம், அதில் நிறையப் பணம் மிச்சமாகிறது என்று பதில் வந்ததாம். வழக்குகள் குவிந்து அந்தக் கம்பெனி 1982-இல் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. ஆய்வு நிறுவனம் நன்றாகத்தான் இருக்கிறது.

இன்றைக்கு அது வாஷிங்டனில் மாசசூசெட்ஸ் அவென்யூவில், பழைய சொகுசு அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் குடியிருக்கிறது. 1920-களில் அதில் வாழ்ந்தவர் அன்றைய நிதி அமைச்சர் ஆண்ட்ரூ மெல்லன். தானே நாட்டின் பெருங்கோடீஸ்வரர்களில் ஒருவராக இருந்துகொண்டு, கோடீஸ்வரர்களின் உச்ச வருமான வரியை 73 சதவீதத்திலிருந்து 25-க்கு இறக்கிய புண்ணியவான். பின்னாலேயே 1929-இன் சந்தைச் சரிவு வந்தது. கட்டடத்தைச் சீரமைக்க கார்லைல் என்ற முதலீட்டு நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவர் 2 கோடி டாலர் கொடுத்தார். இடம் பார்த்துத்தான் போயிருக்கிறார்கள், வாஸ்து சுத்தம்.

நன்கொடை கொடுக்கிற சீமான்களுக்கு வரிச் சலுகை உண்டு. ஏனென்றால் இது கட்சியில்லை, வியாபாரமில்லை, தர்ம ஸ்தாபனம். அதாவது சீமான் கட்டாமல் விட்ட வரியை ஓர் ஆசிரியையும் ஒரு லாரி டிரைவரும் சேர்ந்து ஈடுகட்டுகிறார்கள். அந்தப் பணத்தில் ஓர் அறிஞர், சீமானுக்கு வரி அதிகம் என்று ஆய்வுக் கட்டுரை எழுதுகிறார். இன்னொரு நுணுக்கமும் உண்டு. நிறுவனத்துக்கென்று எந்தக் கருத்தும் கிடையாது, அறிஞர்கள் சொல்வது அவரவர் சொந்தக் கருத்து என்பது அவர்களின் கொள்கை. இத்தனை சொந்தக் கருத்துகளும் எப்படியோ ஒரே திசையில் போய் ஒரே வாசலில் நிற்கும் அதிசயத்தை ஆராய மட்டும் அங்கே இன்னும் யாரையும் நியமிக்கவில்லை. 2014-இல் தலாய் லாமாவையே அழைத்து மேடையில் உட்கார வைத்தார்கள். தன்னை மார்க்சியர் என்று சொல்லிக்கொள்கிற மனிதர். அவர் சிரித்த முகத்தோடு வந்துவிட்டுப் போனார். சீமான்களுக்குப் புண்ணியமும் கணக்கில் ஏறியது.

2007 பிப்ரவரியில் பருவநிலை பற்றிய ஐ.நா. குழுவின் பெரிய அறிக்கை வெளியானது. உலகம் சூடாவதற்கு மனிதனே காரணம் என்பது ஏறக்குறைய நிச்சயம் என்று ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகளின் உழைப்பைத் திரட்டிச் சொன்ன அறிக்கை. அதன் குறைகளை எடுத்துக்காட்டி எழுதினால் 10,000 டாலர் தருகிறோம் என்று இந்த நிறுவனத்திலிருந்து விஞ்ஞானிகளுக்கு முன்கூட்டியே கடிதம் போயிருந்ததை லண்டன் கார்டியன் பத்திரிகை வெளிப்படுத்தியது. எக்ஸான்மொபில் எண்ணெய்க் கம்பெனி இந்த நிறுவனத்துக்கு 16 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்திருந்தது. அந்தக் கம்பெனியின் முன்னாள் தலைவர் லீ ரேமண்ட் அப்போது இங்கே அறங்காவலர் குழுவின் துணைத் தலைவர். லஞ்சமெல்லாம் இல்லை, கடினமான வேலைக்கு நியாயமான சன்மானம் என்றார்கள். இருக்கலாம். ஆனால் விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ற கேள்வியைத் தேடிக் கொண்டுவர பத்தாயிரம் டாலரா? நம்மூரில் நோட்ஸ் போடுகிறவர்கள் இதைக் கேட்டால் அழுதுவிடுவார்கள்.

1994-இல் வந்தது 'தி பெல் கர்வ்'. எழுதிய இருவரில் ஒருவர் சார்லஸ் மர்ரே. இந்த ஆய்வுக்கு வேறொரு நிறுவனம் கையை விரித்துவிட, இங்கே நாற்காலி போட்டு வரவேற்றார்கள். கறுப்பர்களுக்கும் வெள்ளையர்களுக்கும் அறிவுத் தேர்வு மதிப்பெண்ணில் இருக்கும் இடைவெளியில் பிறப்புக்கும் பங்கிருக்கலாம், ஆகவே உதவித் திட்டங்களால் பெரிய பயனில்லை என்று போகும் ராகம். இதைப் புதுசு என்று தமிழர்களிடம் விற்க முடியாது. தகுதி, திறமை என்ற பெயரில் இந்தப் பாட்டை நாம் நூறு வருடமாகக் கேட்கிறோம், தாளம்கூட மாறவில்லை. மறு வருடமே நம்ம பம்பாயில் பிறந்த தினேஷ் டிசூசா, இதே நிறுவனத்திலிருந்து இனவெறியின் முடிவு பற்றி ஒரு தடிப் புத்தகம் எழுதினார். அதைத் தாங்க முடியாமல் கிளென் லவுரி, ராபர்ட் உட்ஸன் என்ற இரண்டு கறுப்பினச் சிந்தனையாளர்கள் நிறுவனத்தோடு உறவை அறுத்துக்கொண்டு வெளியேறினார்கள். போனவர்கள் போனார்கள், டிசூசா இருந்தார்.

ஜான் லாட் என்றோர் அறிஞர். ஊரில் துப்பாக்கி கூடக் கூடக் குற்றம் குறையும் என்பது அவர் கண்டுபிடிப்பு. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பிள்ளைகளைச் சுட்டுப்போடும் தேசத்தில் அதற்கு ஏகப்பட்ட மரியாதை. அவர் எடுத்ததாகச் சொன்ன ஒரு சர்வேயின் தாள்களைக் கேட்டால், கம்ப்யூட்டர் பழுதாகி எல்லாம் போயிற்று என்றார். அந்தச் சமயத்தில் மேரி ரோஷ் என்ற பெண் இணையம் முழுக்க அவருக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தான் லாட்டின் பழைய மாணவி என்றும், தனக்குப் பாடம் எடுத்தவர்களிலேயே அவர்தான் மிகச் சிறந்த பேராசிரியர் என்றும் உருகினாள். 2003 ஜனவரியில் குட்டு உடைந்தது. மேரி ரோஷ் சாட்சாத் ஜான் லாட்டேதான். பிள்ளைகளின் பெயர்களிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கி அந்தப் பெயரைச் செய்திருந்தார். சேலை கட்டிக்கொண்டு வந்து தன்னைத் தானே புகழ்ந்துகொண்ட அறிஞரை நிறுவனம் வீட்டுக்கு அனுப்பியதா? 2006 வரை அங்கேதான் இருந்தார்.

இதுவரை சிரித்தது போதும்.

2003 பிப்ரவரி 26. வாஷிங்டனில் நிறுவனத்தின் வருடாந்திர விருந்து. சிறப்பு விருந்தினர் அதிபர் ஜார்ஜ் புஷ். உங்களில் இருபது மூளைகளை என் அரசாங்கம் கடன் வாங்கியிருக்கிறது என்று பெருமையாகச் சொன்னார். துணை அதிபர் டிக் செனியின் மனைவியும் அப்போது இங்கே ஓர் அறிஞர்தான். சதாமை அகற்றிவிட்டால் விடுதலை பெற்ற ஈராக் அந்தப் பகுதிக்கே முன்மாதிரியாக ஒளிவிடும் என்று அதிபர் பேசினார், கைதட்டினார்கள். மூன்றே வாரத்தில் குண்டு விழத் தொடங்கியது. போர் நடந்துகொண்டிருக்கும்போதே 'கறுப்புக் காபி' என்று பெயர் வைத்துக் காலை நேரக் கூட்டங்கள் போட்டார்கள். பாக்தாத்தில் ஆஸ்பத்திரிகள் கொள்ளை போயின, தண்ணீர் இல்லை, கரன்ட் இல்லை. இங்கே காபி ஆறாமல் பார்த்துக்கொண்டார்கள்.

இந்தப் போருக்கான சமையல் வருடக் கணக்கில் இந்த நிறுவனத்தில் நடந்தது. 1993-இல் நியூயார்க் வர்த்தக மையத்தில் குண்டு வைத்ததற்குப் பின்னால் சதாம்தான் இருந்தார் என்று லாரி மைல்ராய் எழுதிய புத்தகத்தை 2000-இல் வெளியிட்டது இந்த நிறுவனத்தின் பதிப்பகம். விசாரித்த போலீசும் உளவுத்துறையும் ஏற்காத கதை அது. அகமது சலாபி என்ற ஈராக்கியர் இங்கே செல்லப்பிள்ளை. ஜோர்டானில் வங்கி மோசடி வழக்கில் 22 வருடச் சிறைத் தண்டனை வாங்கி, அந்தப் பக்கமே தலைவைக்க முடியாதவர். அவருடைய ஆட்கள் மூலம் வந்த பேரழிவு ஆயுதக் கதைகள் வாஷிங்டனில் சுடச்சுடப் பரிமாறப்பட்டன. ஆயுதம் ஒன்றும் கிடைக்காமல் போன பிறகு, தாங்கள் தப்பு செய்தாலும் வீரர்கள்தான், முன்னால் என்ன சொன்னோம் என்பது முக்கியமில்லை என்ற பொருளில் சலாபி பேட்டியே கொடுத்தார். 2004 மே மாதம் அமெரிக்கப் படை துணைக்கு நிற்க, பாக்தாத்தில் அவர் வீட்டில் சோதனை நடந்தது. 2005 நவம்பரில் அதே சலாபி வாஷிங்டனில் அதே நிறுவனத்தின் மேடையில் மறுபடி உரையாற்றினார். மண்டபம் நிறைந்திருந்தது.

ரிச்சர்டு பெர்ல் அப்போது இங்கே முக்கியமான அறிஞர், பாதுகாப்புத் துறையின் கொள்கைக் குழுவிலும் பெரிய புள்ளி. 2003 செப்டம்பரில் இந்த நிறுவனத்திலேயே பேசும்போது, இன்னும் ஒரு வருடத்தில் பாக்தாத்தில் ஒரு பெரிய சதுக்கத்துக்கு அதிபர் புஷ்ஷின் பெயர் வைக்கப்படவில்லை என்றால் தனக்கு ஆச்சரியமாக இருக்கும் என்றார். பாவம், அவருக்கு அந்த ஆச்சரியம் வாய்த்தது. சதுக்கம் வரவில்லை, 2008 டிசம்பரில் புஷ்ஷை நோக்கி ஒரு பத்திரிகையாளரின் செருப்புகள் வந்தன, ஒன்றுக்கு இரண்டாக. அடுத்த மாதம் திக்ரித் நகரில் ஓர் அநாதை இல்லத்தில் அந்தச் செருப்புக்குச் சிலையே வைத்தார்கள். உடனே அகற்றச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் இல்லாமல் போன காரணத்தை அகற்ற எந்த உத்தரவும் வரவில்லை.

2006-க்குள் பெர்லுக்கு ஞானம் பிறந்துவிட்டது. யோசனையில் பழுதில்லை, நடத்தியவர்கள் சரியில்லை என்று பேட்டி கொடுத்தார். சமையல்காரர் எப்போதும் பரிமாறுகிறவனைத்தான் திட்டுவார். அந்தக் குளிர்காலத்தில், கெட்டுப்போன போரைச் சரிசெய்ய மருந்து எழுதிக் கொடுத்தது யார்? அதே நிறுவனத்தின் இன்னோர் அறிஞர், ஃபிரெடரிக் கேகன். வெற்றியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஓர் அறிக்கை. மருந்து இன்னும் அதிகப் படை. 2007 ஜனவரி 10-இல் அதிபர் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைக் கூடுதலாக அனுப்புவதாக அறிவித்தார். நோயைக் கொடுத்த ஆஸ்பத்திரியிலேயே சிகிச்சையும் கிடைத்தது. இரண்டுக்கும் பில் வந்தது வேறு வீட்டுக்கு.

பால் வோல்ஃபோவிட்ஸை விட்டுவிடக் கூடாது. போருக்கு முன்னால் ராணுவத் தளபதி ஷின்செகி, ஈராக்கைக் கட்டுக்குள் வைக்கச் சில லட்சம் வீரர்கள் வேண்டியிருக்கும் என்றார். பாதுகாப்புத் துறையின் இரண்டாம் இடத்தில் இருந்த வோல்ஃபோவிட்ஸ், கொஞ்சமும் பொருந்தாத கணக்கு என்று அதைத் தள்ளினார். ஈராக் தன் எண்ணெய்ப் பணத்திலேயே தன்னைக் கட்டிக்கொள்ளும் என்றும் நாடாளுமன்றத்தில் சொன்னார். சொன்ன எதுவும் நடக்கவில்லை என்பதால் உலக வங்கிக்குத் தலைவரானார். அங்கே தன் தோழிக்குச் சம்பள உயர்வு ஏற்பாடு செய்த விவகாரத்தில் 2007-இல் பதவி விலகினார். விலகியவரை வாரி அணைத்துக்கொண்டு வருகைதரு அறிஞர் பதவி கொடுத்தது எந்த நிறுவனம் என்று இனியும் சொல்ல வேண்டுமா?

இறந்த அமெரிக்க வீரர்கள் ஏறக்குறைய 4,400 பேர். ஈராக்கில் செத்த பொதுமக்களில் பெயரோ இடமோ தேதியோ பதிவானவர்களே லட்சத்துக்கு மேல். அவர்களில் ஒருவருடைய வீட்டிலாவது போய் நின்று, எங்கள் ஆய்வில் ஒரு சிறு பிழை நேர்ந்துவிட்டது என்று சொன்ன அறிஞர் உண்டா? கட்டுரை தப்பென்றால் பத்திரிகையில் திருத்தம் போடுவார்கள். கட்டுரையை நம்பிக் குண்டு போட்டால் திருத்தத்தை எந்தச் சமாதியில் ஒட்டுவது?

2008-இல் வங்கிகள் சரிந்து கோடிக்கணக்கானவர்கள் வீடும் வேலையும் இழந்த பிறகு விசாரணை ஆணையம் ஒன்று அமைந்தது. அதில் இருந்த குடியரசுக் கட்சியின் நான்கு நியமன உறுப்பினர்களில் ஒருவர் இந்த நிறுவனத்தின் பீட்டர் வாலிசன். அறிக்கையில் 'வால் ஸ்ட்ரீட்' என்ற பெயரே வரக் கூடாது, 'கட்டுப்பாட்டுத் தளர்வு' என்ற வார்த்தையும் கூடாது என்று அந்த நான்கு பேரும் வாக்களித்தார்கள். தோற்றார்கள், அது வேறு. கொலை வழக்கின் தீர்ப்பில் கத்தி என்ற சொல் வரக் கூடாது என்று கேட்பதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் இந்த நிறுவனம் யார்மேலும் நடவடிக்கை எடுக்காது என்று நினைத்தால் தப்பு. ஒருவரை வெளியே விட்டது. டேவிட் ஃபிரம். புஷ்ஷின் உரை எழுத்தாளராக இருந்து, ஈராக்கையும் ஈரானையும் வட கொரியாவையும் 'தீய அச்சு' என்று ஒரே கயிற்றில் கட்டிய சொற்றொடருக்கு வழிசெய்தவர். அதற்காகத் தண்டனையா? இல்லை, அந்தப் புகழோடுதான் இங்கே வந்து சேர்ந்தார். 2010 மார்ச்சில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறிய அன்று, எதையும் விட்டுக்கொடுக்காமல் முரண்டு பிடித்து நம் கட்சி படுதோல்வி அடைந்துவிட்டது என்று எழுதினார். அந்த மனிதர் எழுதியதிலேயே உண்மைக்கு மிக அருகில் வந்த கட்டுரை அதுதான். அந்த வாரமே சீட்டுக் கிழிந்தது. சம்பளமில்லாமல் வேண்டுமானால் இருக்கலாம் என்று தலைவர் மதிய உணவுக்கு அழைத்துச் சொன்னாராம். நன்கொடையாளர்களின் நெருக்கடி என்றார் ஃபிரம். நிறுவனம் மறுத்தது.

அப்போது நிறுவனத்தின் பக்கம் நின்று எழுதியவர் நாம் மேலே பார்த்த சார்லஸ் மர்ரே. நன்கொடைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, கைநிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டு அந்த ஆள் சில வருடங்களாக நிறுவனத்தில் கண்ணிலேயே படுவதில்லை என்பதுதான் விஷயம் என்றார். ஆக, அறிஞர் ஆபீசுக்கு ஒழுங்காக வராமல் இருப்பதுதான் அங்கே குற்றம். 2002-இலும் 2003-இலும் மற்ற அறிஞர்களும் அந்தக் குற்றத்தைச் செய்து, வீட்டிலேயே இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கக் கூடாதா?